வடக்கே இழுத்த கம்பி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு குழப்பம் உண்டானது. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே இருக்கிற ஒரு சின்னத் தீவின் வானொலியை டென்மார்க்கில் இருந்தபடியே கேட்க வேண்டும் என்று மாமி ஆசைப்பட்டதுதான் அதற்குக் காரணம்.

மாமி அப்பாவின் தங்கை. வைலே நகரில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் எங்களோடு இருந்தார். அப்பாவுக்கு ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில். மாமி ஒரு பெரிய பொருட்களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டினார். வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் மாப்பிள்ளைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்ல மனிசராத்தான் இருக்கினம்" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு தன் அறைக்குப் போய் வானொலியைத் திருகத் தொடங்குவார்.

அந்த வானொலியை அவர் ஒரு பழைய சாமான் சந்தையில் வாங்கியிருந்தார். நான் இரண்டு கையாலும் தூக்கினாலும் அசையாது. அவர் கேட்டது மத்திய அலையை. பகலில் அதில் பக்கத்து நாடுகள்கூட ஒழுங்காகக் கேட்காது. இருட்டினால்தான் தொலைதூரம் வரும் என்பார். டிசம்பரில் எங்கள் ஊரில் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே பொழுது சாய்ந்துவிடும். ஊரே அலுத்துக்கொள்கிற அந்த இருட்டை விரும்பி வரவேற்ற ஒரே ஆள் மாமிதான்.

"பிள்ளை ஓடி வா, பிலிப்பைன்ஸ் வந்திட்டுது" என்று அறையிலிருந்து கூப்பிடுவார். விருந்தாளி வந்த மாதிரித்தான் இருக்கும். குசினியில் நின்றபடி அம்மா, "சாப்பிட்டிட்டோ வந்தவை எண்டு கேள்" என்பார். ஹெட்போனைக் காதில் வைத்தால் மழை பெய்வது போன்ற இரைச்சல். அதற்குள்ளே, மிகவும் உள்ளே, யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே எதையோ விற்றுக்கொண்டிருப்பார். ஜப்பானும் சீனாவும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்து போயின. ஐரோப்பாவின் மத்திய அலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. எல்லாரும் அதற்காக வருந்தினார்கள். மாமி மட்டும், பக்கத்து வீட்டுச் சத்தம் ஓய்ந்தால்தானே தூரத்து வீட்டுப் பாட்டுக் கேட்கும் என்று நிம்மதிப்பட்டார்.

இப்படிக் கேட்பவர்களுக்கென்று டென்மார்க்கில் ஓர் இணையப் பக்கம் இருந்தது. எந்த நிலையம் எப்போது கேட்டது என்று அதில் எழுதிக்கொள்வார்கள். அதில், பக்கத்து நகரமான கோல்டிங்கில் இருந்த ஒருவர் மாமியின் குறிப்புகளுக்கெல்லாம் பதில் போட்டார். அவருடைய பெயர் விவிலியத்தில் வருகிற பெயர். அதனால் அவரை ஒரு வெள்ளைக்காரர் என்று மாமி எண்ணிக்கொண்டார். மாமி தன் பெயருக்குப் பதிலாக வெறும் எண்களைப் போட்டிருந்ததால் அவரும் அப்படியே எண்ணிக்கொண்டார். இருவரும் ஒருவருக்கொருவர் பிழையில்லாத டேனிஷில் எழுதுவதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாமி எழுதியதை நான்தான் திருத்திக் கொடுப்பேன். ஒருநாள் கோல்டிங்காரர், இந்தியாவின் தென்கரையிலிருந்து வந்த ஓர் ஒலிபரப்பைப் பதிவுசெய்து போட்டு, இது எனது தாய்மொழி என்று கீழே எழுதியிருந்தார். மாமி அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, "எவ்வளவு இலக்கணம் வீணாப் போச்சு" என்றார்.

அதன்பிறகு தமிழில் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினார்கள். அதுதான் குழப்பத்தின் ஆரம்பம். அவர் கோல்டிங்கில் பஸ் ஓட்டுபவர். நல்ல மனிதர் என்று விசாரித்த எல்லாரும் சொன்னார்கள். ஆனால் பெந்தகோஸ்தே சபைக்காரர். எங்கள் வீட்டிலோ சாமியறையில் விளக்கு வைக்காமல் தேநீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

"வேதக்காரப் பெடியனோடை உனக்கு என்ன கதை?" என்று அப்பா கேட்டார். அந்தப் பெடியனுக்கு அப்போதே தலை பாதி நரைத்திருந்தது.

"றேடியோக் கதைதான் அண்ணை" என்றார் மாமி. அது பொய்யில்லை. நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அலைவரிசை எண்களையும் ஏரியல் கம்பியின் நீளத்தையும் தவிர அவர்கள் வேறெதுவும் கதைத்ததில்லை.

அந்தப் பசிபிக் தீவு இருவருக்கும் பிடி கொடுக்காமல் இருந்தது. கோல்டிங் அங்கிள் பல குளிர்காலங்களாக அதைத் தேடியிருக்கிறார். அடுக்குமாடியில் இருந்தால் அது வராது, லிப்டும் தொலைக்காட்சிகளும் இரைச்சல் போடும், மேற்குக் கடற்கரையில் தன்னோடு வேலை செய்கிற ஒருவருடைய கோடை வீடு இருக்கிறது, அங்கே நீளக் கம்பி இழுத்தால் வாய்ப்புண்டு என்றார். மாமி அப்பாவிடம் கேட்டார். அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார்.

"றேடியோ கேக்கத்தானே போறியள்? அப்ப பிள்ளையும் வந்து கேக்கட்டும்."

இப்படித்தான் என்னை அனுப்பினார்கள். என் காது கூர்மையானது என்பதால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நான் நம்பினேன். புறப்படும்போது அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "அங்கை என்ன நடந்தது எண்டு வந்து எனக்கு ஒண்டும் விடாமல் சொல்ல வேணும்" என்றார். இவ்வளவு நாளும் வானொலிப் பக்கமே வராத அப்பாவுக்கு இப்போதாவது ஆர்வம் பிறந்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தன் சபை முடிந்த கையோடு அங்கிள் காரில் வந்தார். நல்ல கால்சட்டையும் பளபளக்கிற சப்பாத்தும் போட்டிருந்தார். மாமியும் வேலைக்குப் போடாத ஒரு நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். வழி முழுவதும் இருவரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள். பின்னாலிருந்து நான் தோடம்பழம் தின்றேன்.

கோடை வீடு கடலுக்குப் பக்கத்தில், புல்வெளிகளுக்கு நடுவே இருந்தது. போய் இறங்கியதும் அங்கிள் கம்பிச் சுருளை எடுத்துப் புதர்களின் மேலாக இழுத்துக்கொண்டு போகத் தொடங்கினார். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் ட்ராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். வயதானவர், காதை மூடிய தொப்பி. மூன்று கறுத்த மனிதர்கள் புல்வெளியில் கம்பி இழுப்பதை நின்று பார்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பசிபிக்கில் ஒரு தீவைக் கேட்கப் போகிறோம் என்றார் மாமி.

பண்ணைக்காரர் யோசித்துவிட்டு, அப்படியென்றால் ஏன் வடக்கே இழுக்கிறீர்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. வடக்கே நோர்வேதான் இருந்தது.

அங்கிள் என்னிடம் ஒரு தோடம்பழம் வாங்கி, நகத்தால் இரண்டு இடத்தில் அடையாளம் வைத்தார். இது நாங்கள், இது தீவு, குறுக்குவழி வடதுருவத்துக்கு மேலாலே போகிறது என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். பண்ணைக்காரர் பழத்தை வாங்கி இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தார். சரிதான் என்றார். பிறகு பூமியை உரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

இருட்டத் தொடங்கியதும் ஜன்னலோரம் ஒரு மேசையில் மாமியின் வானொலியை வைத்து, பேட்டரியில் இணைத்தோம். அங்கிள் ஒரு சின்னப் பெட்டி செய்து வந்திருந்தார். அதில் மூன்று ஹெட்போன்களையும் செருகலாம். ஆவலோடு காதில் வைத்தால், டிக், டிக், டிக் என்று அடித்தது. வேறு எதுவும் இல்லை.

"மின்வேலி" என்றார் அங்கிள். பண்ணைக்காரரின் செம்மறிகளைச் சுற்றியிருந்த வேலிதான் அது. ஒவ்வொரு துடிப்பும் எங்கள் காதில் விழுந்தது. அங்கிள் போய்க் கேட்டார். ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கிறேன் என்று அந்த மனிதர் ஒத்துக்கொண்டாராம். மின்சாரம் இல்லை என்பது ஆடுகளுக்குத் தெரியாது, தெரியாதவரை பிரச்சினை இல்லை என்றாராம்.

டிக் சத்தம் நின்றது. இரைச்சல் மெல்ல இளகியது. மாமி குமிழை ஒரு முடியளவு திருப்பினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல, பலர் சேர்ந்து பாடும் குரல். எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. மாமி என் கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வெளியே தெருவில் ஒரு கார் சடாரென்று நின்றது. அதன் வெளிச்சத்தில் வெள்ளையாக ஏதோ தெருவைக் கடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஆடுகளுக்குத் தெரிந்துவிட்டது.

மாமி ஹெட்போனைக் கழற்றப் போனார். அங்கிள் கையைக் காட்டி மறித்தார்.

"நீங்கள் இருங்கோ. இப்பதான் நிலையத்தின்ரை பேர் சொல்லுவினம். நான் போறன்."

"நீங்களல்லோ இவ்வளவு காலம் தேடினனீங்கள்?"

"ஆரோ ஒராள் கேட்டால் சரிதானே" என்றபடி அவர் எழுந்த வேகத்தில் அவருடைய ஹெட்போனின் கம்பி பெட்டியிலிருந்து பிடுங்குப்பட்டு விழுந்தது. நல்ல சப்பாத்தோடு ஓடினார்.

நான் ஒரு காதில் பாட்டும் மறு காதில் வெளியே ஆடுகளின் சத்தமுமாக இருந்தேன். கைவிளக்கை ஆட்டிக்கொண்டு அங்கிள் ஓடுவது தெரிந்தது. பண்ணைக்காரர் வேறு திசையில் ஓடினார். அங்கிள் ஒரு கிடாயை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். கிடாய் அவரை ஓர் ஓடைக்குள் இறக்கிவிட்டது. பாட்டு முடிந்தது. ஒரு பெண் ஏதோ ஒரு பாஷையில், அவசரமில்லாமல், தன் தீவின் பெயரைச் சொன்னாள். நாங்கள் இருவருமே அதைத் தெளிவாகக் கேட்டோம். மாமி சத்தமில்லாமல் அழுதார். பிறகு அலை மெல்ல மெல்லக் கரைந்து, வெறும் இரைச்சல் ஆகிவிட்டது.

ஆடுகளெல்லாம் உள்ளே போனபிறகு அங்கிள் முழங்கால்வரை சேறும் தண்ணீருமாக வந்து நின்றார். மாமி அவரைப் பார்த்தார். வானொலியைப் பார்த்தார்.

"கெதியா வாங்கோ, இன்னும் இருக்குது" என்றார்.

எனக்குத் திகைப்பாக இருந்தது. ஒன்றுமே இருக்கவில்லை. அங்கிள் ஈரத்தோடு உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் வைத்தார். அதன் நுனி மேசையில், தேநீர்க் குடுவைக்குப் பக்கத்தில், எதிலும் செருகப்படாமல் கிடந்தது. அது மாமிக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் மாமியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"கேக்குதோ?" என்றார் மாமி.

"ஓம். வடிவாக் கேக்குது" என்றார் அங்கிள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு இருத்தினார். நான் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் டேனிஷில் சொன்னேன். தோடம்பழம், வேலி, ஆடு, ஓடை. கடைசியில், மிகுந்த வருத்தத்தோடு, அங்கிள் பொய் சொல்கிற ஆள் என்றும், மாமியும் சேர்ந்து பொய் சொன்னார் என்றும், செருகாத ஹெட்போனில் எவருக்கும் பசிபிக் கேட்காது என்றும் சொன்னேன். குசினிக்குள் அம்மா எதையோ கீழே போட்டுவிட்டுச் சிரிப்பது கேட்டது.

அப்பா சிரிக்கவில்லை. "ஆடு பிடிக்க அவர்தான் ஓடினவரோ? மாமி இருந்து கேட்டவவோ?" என்று இரண்டாம் தரம் கேட்டார். நான் ஓம் என்றேன். அப்பா எழுந்து ஜன்னலடிக்குப் போய்விட்டார்.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்பார்களாம். அப்பாவின் வீட்டில் அண்ணன்மார் வானொலியைச் சுற்றி இருந்து கேட்க, சுற்றுகிற வேலை எப்போதும் தங்கையுடையது. செய்தியும் பாட்டும் அவர்களுக்கு, சங்கிலியின் சத்தம் மாமிக்கு. இதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், என் முறைப்பாட்டால் அப்பாவுக்குக் கடுங்கோபம் வந்துவிட்டது என்பதுதான்.

"அடுத்த ஞாயிறு அவரைச் சாப்பிட வரச்சொல்லு" என்று அவர் மாமியிடம் சொன்னார்.

எங்கள் வீட்டில் உரையாடுவதற்குக் கதைப்பது என்பார்கள். பேசுவது என்றால் திட்டுவது. அங்கிளுக்கு நல்ல பேச்சு விழப்போகிறது என்று வாரம் முழுக்க எனக்கு நித்திரை இல்லை. அவர் தன் அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு வந்தார். பேச்சு வாங்க வருகிறவர் துணைக்கு ஆள் கொண்டுவருவது நியாயம்தான் என்று நினைத்தேன். சோறு முடிந்தது, பாயசம் வந்தது. அப்பா அவருடைய தட்டில் மீனை அள்ளி அள்ளிப் போட்டாரே தவிரத் தொடங்குவதாக இல்லை. பிறகு என்னைக் கீழே கடைக்குப் பால் வாங்க அனுப்பினார்கள்.

நான் திரும்பி வந்தபோது மாமியின் கண் சிவந்திருந்தது. அங்கிள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் அப்பாவின் காதருகே போய், "அங்கிளுக்குப் பேசினீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, பேசி முடிச்சாச்சு."

"மாமிக்குமோ?"

"மாமிக்கும்தான்."

எனக்கு அங்கிள்மேல் இரக்கமாகிவிட்டது. ஆட்டையும் பிடித்து, உடுப்பையும் நாசமாக்கி, கடைசியில் பேச்சும் வாங்கியிருக்கிறார். பக்கத்தில் போய், அவருடைய கையைத் தடவி, "இனிமேல் பொய் சொல்லாதீங்கோ அங்கிள், அப்பா திருப்பிப் பேசமாட்டார்" என்றேன்.

"சரி பிள்ளை, இந்த ஒருக்காப் பேசினதே எனக்குப் போதும்" என்றார் அவர்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமிகூட. ஒரு மனிதர் பேச்சு வாங்கிய நாளில் இப்படிச் சிரிக்கிற குடும்பத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.