சூடான தட்டில் முப்பது விநாடி

அந்தச் சுண்டெலியின் பாதங்களைச் சுட்டவன் நான்தான். இத்தனை வருடங்களில் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

சரவணம்பட்டியில் ஒரு மருந்தியல் கல்லூரியில் ஆய்வு மாணவனாக இருந்தேன். தேனீக்கள் மரங்களிலிருந்து பிசின் கொண்டுவந்து கூட்டின் விரிசல்களை அடைக்கும். அந்தப் பிசின் வலியைத் தணிக்குமா என்பதே என் ஆய்வு. அதன் சாற்றைக் கொடுத்துச் சுண்டெலியைச் சூடான தட்டில் விடுவோம். சூடு உறைத்துப் பாதத்தை நக்கினால் உடனே எடுத்துவிட வேண்டும். நக்காவிட்டாலும் பதினைந்து விநாடிக்கு மேல் விடக் கூடாது.

தண்ணீர் மட்டும் குடித்தவை சீக்கிரமே நக்கின. பிசின் குடித்தவை அமைதியாக நின்றன. ஒரு பூச்சி சேர்த்த பிசினுக்கு இவ்வளவு வல்லமையா... மயங்கிப்போனேன்.

ஒருநாள் பிசின் குடித்த சுண்டெலி ஒன்று பதினைந்து விநாடி கடந்தும் அசையவில்லை. இன்னும் எவ்வளவு தாங்கும்? என் கை நீளவில்லை. இருபது... முப்பது... வலி தெரியாவிட்டாலும் தோல் வெந்துபோகும் என்பது எனக்குத் தெரியாதா?

குறிப்பேட்டில் பதினைந்து என்றே எழுதினேன்.

மறுநாள் விலங்குக்கூடத்தைப் பராமரிக்கும் சரசக்கா அந்தச் சுண்டெலியைக் கையில் ஏந்தி வந்தார். சூலூர்க்காரர். ஒவ்வொரு சுண்டெலியையும் நடையை வைத்தே அடையாளம் சொல்வார்.

"ஏனுங்க சார், கால் கொப்பளிச்சிருக்குதுங்க. தட்டுல அதிக நேரம் உட்டுப்போட்டீங்களா?"

"இல்லீங்கக்கா. கூண்டுக் கம்பியில உரசியிருக்கும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு களிம்பு பூசி, அதைத் தனிக் கூண்டில் பஞ்சின்மேல் விட்டார். தினமும் உள்ளங்கையில் வைத்து ஊட்டினார்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் புண்ணைப் பார்த்தபோது, கூண்டுக் கம்பி உரசியது என்றே நினைத்து, "கூண்டெல்லாம் ஒழுங்கா பாக்கறதில்லையாம்மா?" என்று சரசக்காவைக் கடிந்துகொண்டார். நான் அருகில்தான் நின்றேன்.

"இனிமே பாத்துக்கறேனுங்க" என்றார் சரசக்கா. அவ்வளவுதான்.

அவரைக் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். போகும்போது களிம்பை என்னிடம் நீட்டினார். "இன்னும் நாலு நாளைக்குப் போடோணுங்க சார். மெதுவா."

போட்டேன். புண் ஆறியது. ஆய்வும் பாராட்டுப் பெற்றது. நன்றியுரையில் சரசக்காவின் பெயரை எழுதினேன், உண்மையை எழுதினேனா?

சென்ற மாதம் சூலூர் பேருந்து நிலையத்தில் அவரைக் கண்டேன்.

"நல்லாருக்கீங்களா சார்? அந்தப் பிசின் மருந்தாயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்கக்கா."

"ஆயிருமுங்க" என்று சிரித்தார்.

அவருடைய பேருந்து வர இன்னும் நேரம் இருந்தது. நான் வெயிலைப் பற்றிப் பேசினேன்.