கணவர் கையெழுத்துக்கு நான் போட்ட கோடு

1. கேட்டை மறித்தார்கள்

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக் கேட்டை மறித்து முப்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். தீபாவளி சீசனில் அவர்களுக்கு லீவு போடுவது லேசான காரியம் இல்லை. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் நாலு நாலு பேராக இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. யாரை எதிர்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. என்னைத்தான்.

நான் கிராம சுகாதார நர்ஸ். வெம்பக்கோட்டைப் பக்கம் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர்ப் பெயர் வேண்டாம். என் தப்பை மட்டும் சொல்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பாண்டிச்செல்வி இரண்டு தடவை வந்தாள்

அவளுக்கு இருபத்தாறு வயது. பட்டாசுக்குத் திரி வைக்கிற வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. உடம்பில் ரத்தமே இல்லை. அதற்குள் மூன்றாவதாக உண்டாகிவிட்டது. வேண்டாம், கலைத்துவிட வேண்டும் என்று வந்தாள். அப்போது ஒன்பது வாரம்.

தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சம்மதப் படிவம் நிரப்ப வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்தை வாங்கிட்டு வா என்றேன். அவன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். போனில் கேட்டிருக்கிறாள். இது பையனாகத்தான் இருக்கும், கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். மறுவாரமும் வந்தாள். ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல் அதே பதிலைச் சொன்னேன்.

நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். கருவைக் கலைப்பது என் மனசுக்கு ஒப்பாத காரியம். கையெழுத்து கிடைக்கவில்லை என்றதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வாரம் கூடக் கூடச் சிக்கலும் கூடும் என்று எனக்குத் தெரியாதா என்ன? நல்லாவே தெரியும்.

கம்பெனியில் போய் அழுதிருக்கிறாள். அடுத்த செவ்வாய்க்கிழமை முப்பது பேரும் வந்துவிட்டார்கள்.

3. அச்சும் பேனாவும்

எங்கள் டாக்டர் சின்ன வயசுப் பெண். வந்தவுடன் என்ன பிரச்சினை என்று கேட்டார். கூட்டத்தில் முத்துமாரி என்று ஒருத்தி இருந்தாள், சிவகாசியில் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்க்கிறவள். படிவத்தைக் காட்டச் சொன்னாள். நானும் தைரியமாக எடுத்துக் கொடுத்தேன். வெயிலில் பிடித்து ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இங்கன பாருங்க. மத்ததெல்லாம் அச்சு. கடைசிக் கோடும் 'கணவர் கையெழுத்து'ங்கிறதும் பேனா. இது கவர்மெண்டு போட்டதில்ல. நர்ஸம்மா போட்டது."

அவள் சொன்னது வாஸ்தவம்தான். நான் வேலையில் சேர்ந்தபோது சீனியர் நர்ஸ் அப்படித்தான் செய்தார்கள். படிவத்தில் புதுக் கட்டு வந்ததும் ஸ்கேலை வைத்துக்கொண்டு வரிசையாகக் கோடு போட்டுவிடுவோம். பின்னால் எந்தப் புருஷனும் வந்து சத்தம் போடக் கூடாதே என்ற பயம். அந்தப் படிவத்தை ஒருநாளும் நான் முழுசாகப் படித்ததில்லை.

எந்த விதியில் இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். எப்பவும் இப்படித்தான் டாக்டர் என்றேன். அவர் சட்டத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். பதினெட்டு வயசு நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும்.

"சாமி வரங்குடுத்தாலும் பூசாரி எடங்குடுக்கணும்ல," என்றாள் முத்துமாரி. எல்லாரும் சிரித்தார்கள். வேதக்காரியைப் பூசாரி ஆக்கிவிட்டாள்.

புதுப் படிவத்தில் செல்வி மட்டும் கையெழுத்துப் போட்டாள். அதற்கும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. மிச்சப் படிவங்களில் கோட்டை அடித்து, கணவர் கையெழுத்து தேவையில்லை என்று சுவரில் எழுதி ஒட்டினால்தான் போவோம் என்றார்கள். நானே எழுதி ஒட்டினேன். மத்தியானம் கலைந்து போனார்கள்.

4. திரும்பி வந்த பஸ்ஸில்

தாலுகா ஆஸ்பத்திரிக்கு நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்லபடியாக முடிந்தது. வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். எம்மேல கோவமா தாயி என்று கேட்டேன்.

"கோவம் என்ன நர்ஸம்மா. முப்பது பேரு வந்து உக்காந்ததும் கேட்டீக. ஒத்தையில ரெண்டு தடவ வந்து நானும் அதத்தான கேட்டேன். அப்ப எம் மூஞ்சியக்கூடப் பாக்கலயே."



அதற்கப்புறம் ஓய்வு பெறும் வரை, தனியாக வந்து நிற்கிற பெண்ணை முதலில் உட்காரச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் பிள்ளைகளே. செல்விக்குக் கூட வர முப்பது பேர் இருந்தார்கள். அவளுக்கு முன்னால் இருபது வருஷமாக நான் திருப்பி அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் பெயரைக்கூட நான் எழுதி வைக்கவில்லை.