உடுப்பில்லாத கொடி

யாழ்ப்பாணத்தில் ஓவியக் கண்காட்சிக்கு வருபவர்கள் படம் வாங்குவதில்லை. பத்திரிகையில் இருந்த காலம் முழுவதும் கண்காட்சிகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் இருக்கிறேன். யார் விளக்கேற்றினார், யார் தலைமை தாங்கினார் என்று தொடங்கும் செய்தி, பெருந்திரளானோர் பார்வையிட்டனர் என்று முடியும். 'வாங்கினர்' என்ற சொல் ஒருமுறையாவது வந்ததாக நினைவில்லை. வருகிறவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள், ரோல்ஸ் சாப்பிட்டுத் தேநீர் குடிப்பார்கள், ஓவியரை வாழ்த்திவிட்டுப் போவார்கள். நானும் அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தேன்.

நகரத்தில் ஒரு சிறிய மண்டபம். நுண்கலை படித்து முடித்த இளம்பெண் ஒருவரின் முதல் கண்காட்சி. கடைசிச் சுவரில் தொங்கிய படத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். சாப்பாட்டு மேசையின் நீளம் இருக்கும். சாம்பல் நிறச் சீமெந்து மதில். அதற்கு முன்னால், படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, உடுப்புக் காயப்போடுகிற கொடி. கொடியில் உடுப்பு ஒன்றும் இல்லை. பிளாஸ்ரிக் கிளிப்புகள் மட்டும் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, சில நேராகவும் சில சரிந்தும் நின்றன. யாரோ அவசரமாக உடுப்பை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடியிருக்க வேண்டும். படத்தில் வானம் இல்லை. ஆனாலும் மழை வரப்போகிறது என்று தெரிந்தது.

எங்களுக்குப் பின்னேரம் என்றால் கனடாவில் காலை. மனைவியை வீடியோவில் அழைத்தேன். மகளின் முதல் பிரசவத்துக்கென்று ஆறு மாத விசாவில் போனவள் அவள். விசாவை நீட்டினார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்தது. மகள் வேலைக்குத் திரும்பினாள். நானும் ஒரு பனிக்காலம் அங்கே போய் இருந்து பார்த்தேன். எங்களுக்குத் தந்த நிலக்கீழ் அறையின் யன்னலால் பார்த்தால் வீதியில் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். நான் திரும்பி வந்துவிட்டேன். மனைவியால் அப்படி வர முடியவில்லை. இரண்டு பிள்ளைகளும் அவளுடைய மடியில்தான் நித்திரை கொள்கின்றன.

போனைப் படத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"உதென்ன?" என்றாள்.

கொடி என்றேன்.

"அது தெரியுது. உடுப்பு எங்கை?"

"எடுத்திட்டினம்."

"ஆர்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? படம் கீறின பிள்ளையைத்தான் கேக்கவேணும்."

அவள் சிரிக்கவில்லை. போனை இன்னும் கிட்டக் கொண்டுபோகச் சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே உடுப்பெல்லாம் மெசினுக்குள்ளேயே காய்ந்து வருவதாகவும், ஒன்றிலும் வெயில் மணம் இல்லை என்றும் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொடி கட்டித் தரும்படி மருமகனிடம் கேட்டாளாம். அந்தக் குடியிருப்பில் அதற்கு அனுமதி இல்லை என்று அவர் சிரித்தாராம்.

"வாங்குங்கோ," என்றாள்.

எங்கள் வீட்டுச் சுவரில் தேவாலயத்தில் தரும் வேதவசனக் கலண்டரையும் மகளின் பட்டமளிப்புப் படத்தையும் தவிர எதையும் தொங்கவிட இசையாதவள் அவள். நான் மறுபேச்சுப் பேசாமல் ஓவியரிடம் போனேன்.

அந்தப் படம் வேண்டும் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஹோட்டலுக்கு சேர்?" என்பது. இங்கே படம் வாங்கினால் ஹோட்டல்காரர்தான் வாங்குவார்கள். வீட்டுக்கு என்றேன். ஆருடைய வீட்டுக்கு என்றார். என்னுடைய வீட்டுக்குத்தான் என்றேன். பிறகு, தொங்கவிடப்போகும் சுவரில் வெயில் படுமா, ஈரம் ஊறுமா என்று விசாரித்தார். விலையை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். விற்ற படத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டுவது வழக்கம். இவரோ ஒன்றும் விற்குமென்று எதிர்பார்த்து வரவில்லை. கைப்பையைத் திறந்து, ஒட்டுப்பொட்டு மட்டையிலிருந்து சிவப்புப் பொட்டு ஒன்றை உரித்து, படத்தின் பெயர்ச்சீட்டில் ஒட்டினார். தோழிகள் தள்ளி நின்று கைதட்டினார்கள்.

கண்காட்சி முடிந்ததும் ஓட்டோவில் கோப்பாயிலுள்ள வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஓட்டோக்காரர் கண்ணாடிக்குள்ளால் படத்தைப் பார்த்துப் பார்த்து வந்தார். இறங்கும்போது, "ஐயா வீட்டிலை கொடி கட்ட இடமில்லையோ?" என்று கேட்டார்.

நான் அடிக்கிற ஆணி எப்போதும் சரிந்துதான் போகும். அது மனைவிக்குத் தெரியும். "ஆணி அடிக்காதேங்கோ. நான் வந்து பாத்துச் சொல்லுறன்," என்றாள். அதனால் படத்தை அவள் வழக்கமாக இருக்கும் நாற்காலியில் சுவரோடு சாய்த்து வைத்தேன். ஒவ்வொரு பின்னேரமும் அதைக் காட்டச் சொல்வாள். அவளுடைய போனில் அந்த மதில் நீலமாகத் தெரிந்தது. சாம்பல் நிறம் என்று நான் சொன்னால் இல்லை, நீலம் என்பாள்.

"வந்து பாருமன்," என்பேன்.

"வாறன்தானே."

உயிர்த்த ஞாயிறுக்கு என்றாள். பிறகு அங்கே பள்ளி விடுமுறை விட்டதும் என்றாள். பிறகு சின்னவன் நடக்கத் தொடங்கட்டும் என்றாள். அவன் நடந்தான், அந்த வீடியோவையும் அனுப்பினாள். வீட்டுக்கு வந்த ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, கீறி முடியவில்லையோ என்று கேட்டார். வேறு இடமில்லாததால் என்னுடைய நாற்காலியில் இருந்தார்.

அடுத்த ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் மகனிடம் கனடா போக ஆயத்தமானார். இங்கிருந்து ஆர் புறப்பட்டாலும் அவர்களுடைய பெட்டியில் மற்ற வீடுகளின் மிளகாய்த்தூளுக்கும் பனங்கிழங்கு ஒடியலுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும். என்ன கொடுத்துவிட என்று மனைவியைக் கேட்டேன். தூள், வடகம், பனம்பழப் பினாட்டு என்று சொல்லிக்கொண்டு போனவள் நிறுத்தினாள்.

"உந்தப் படத்தையும் சட்டத்திலையிருந்து கழட்டிச் சுத்திக் குடுத்து விடுங்கோவன்."

திரும்பி வர இருக்கிற ஒருவர், வீட்டில் தனக்காகக் காத்திருக்கும் பொருளை அனுப்பச் சொல்லமாட்டார். அது எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். திரையை விட்டு முகத்தைத் திருப்பினாள்.

"பிள்ளையளுக்குக் காட்டத்தான்," என்றாள். "அதுகளுக்குக் கொடி எண்டால் என்னெண்டே தெரியாது."

நான் சரி என்றேன். மூத்த பேத்தி அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஓவியரின் வீட்டுக்குப் படத்தைக் கொண்டுபோனபோது, திருப்பித் தர வந்திருக்கிறேன் என்று நினைத்து அவருடைய முகம் வாடிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். படத்தை மேசையில் கிடத்தி, சிவப்புக் கிளிப் ஒன்றில் நகத்தால் மெல்ல அழுத்தினார். நகத்தின் தடம் அதில் பதிந்தது.

"மேலை காஞ்சிருக்கு சேர். உள்ளுக்கை இன்னும் ஈரம். கிளிப்புகளுக்கு எண்ணெய்ப் பெயின்ற் தடிப்பாப் போட்டனான். இப்ப சுத்தினால் ஒண்டோடை ஒண்டு ஒட்டிப்போகும்."

எவ்வளவு காலம் எடுக்கும் என்றேன். சரியாகச் சொல்ல முடியாது, ஒரு வருடமும் செல்லலாம் என்றார். இன்னொருமுறை சொல்லச் சொன்னேன், பத்திரிகைப் பழக்கம். சொல் மாறாமல் அதையே சொன்னார். தகவல் உறுதியானதில் இவ்வளவு சந்தோசம் என் தொழிலில் எனக்கு வந்ததில்லை. அதை அவருக்குக் காட்டாமல் படத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

அக்காவின் பெட்டியில் தூளும் வடகமும் பினாட்டும் போயின.

பின்னேரம் மனைவியிடம் ஓவியர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பின்னால் சின்னவன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"கன காலம் எடுக்குமோ?"

"எடுக்குமாம்."

"படத்தை ஒருக்கால் காட்டுங்கோ."

காட்டினேன். நகம் பதிந்த கிளிப்பையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, கெதியாக் காயட்டுமெண்டு வெய்யிலிலை கொண்டுபோய் வைச்சிடாதேங்கோ."

"இல்லை," என்றேன். "நிழலிலைதான் இருக்கு."