மாடி அறையின் ஒரு நிமிடம்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நான் ஒலிப்பதிவுக்காரன். இருபத்திரண்டு வருடமாக டப்பிங் ஸ்டூடியோவில் அடுத்தவர் பேசுவதைக் கேட்டுப் பிழைப்பவன். பேய்ப் படங்களுக்குக் கதவு கிரீச்சிடும் சத்தத்தை நானே எத்தனையோ முறை செய்துகொடுத்திருக்கிறேன். ஒரு பழைய மர நாற்காலி இருந்தால் போதும். அதனால் சத்தத்தைக் காட்டி என்னை மிரட்டுவது அவ்வளவு சுலபமில்லை. இது நடந்தது இரவிலும் இல்லை. ஒரு சனிக்கிழமை, பட்டப்பகல், மதியம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.

எல்லாம் அக்காவால் வந்த வினை. அக்கா என்றால் என் பெரியப்பாவின் மகள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. புத்தகங்களுக்கு எண் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? மூன்று வருடத்துக்கு முன் சொந்தக்காரர்களுக்கும் எண் போட ஆரம்பித்துவிட்டாள். நான் நாற்பத்தேழாம் நம்பர். யார் வீட்டுக்குப் போனாலும், குடும்பப் புத்தகம் எழுதுகிறேன் என்று நோட்டைத் திறந்துவிடுவாள். உங்கள் தாத்தா என்ன வேலை பார்த்தார், எந்த வருடம் வீடு மாறினீர்கள், அந்தச் சண்டை எதனால் வந்தது... அவள் வருகிறாள் என்று தெரிந்தால் பின்வாசல் வழியாக நழுவியவர்களும் உண்டு. நானும் கிண்டல் செய்துகொண்டுதான் இருந்தேன்.

பிறகு என் அப்பா இறந்துபோனார். ஊரார் குரலையெல்லாம் பதிவு செய்த என்னிடம் அவர் குரல் ஒரு நிமிடம்கூட இல்லை. மிகவும் வெட்கமாக இருந்தது. மறுவாரமே அக்காவிடம் போய், "குடும்பப் புத்தகத்துக்கு நான் என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

"பெரிய வீட்டை வித்தாச்சு. திங்கக்கிழமை இடிக்கறாங்க. அதுக்குள்ள அப்பாவைப் பேச வச்சுப் பதிவு பண்ணிடணும். அவரை விட்டா பழசு தெரிஞ்ச ஆள் யாரும் இல்லடா."

அவள் அப்பா, அதாவது என் பெரியப்பாவுக்கு எண்பத்தொரு வயது. ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலிருந்து உத்தரவு வராமல், யார் கெஞ்சினாலும் கேட்டைத் திறக்கமாட்டார் என்று பெயர் வாங்கியவர். பிறந்ததிலிருந்து போன மாதம் வரை அந்த வீட்டில்தான் வாழ்ந்தார்.

காலி வீடு. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். ஒன்றரை மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து பதிவை ஆரம்பித்தோம். பெரியப்பா நன்றாகவே பேசினார். தன் மூத்த அக்காவைப் பற்றிக் கேட்டபோதுதான் முகம் சுருங்கியது. எனக்கு அவர் அத்தை முறை. நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வயதில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று கேள்வி. புத்தகத்திலும் அப்படித்தான் தட்டச்சு செய்திருந்தோம்.

"எந்த ஆஸ்பத்திரிப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"அடுத்த கேள்வியைக் கேளு."

அதோடு முடிந்தது.

பேட்டிக்குப் பிறகு எனக்கு ஒரு ஆசை வந்தது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தின் அமைதியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்வோம். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு விதமான அமைதி. காதுள்ளவனுக்குத் தெரியும். இடிக்கப்போகிற வீடு ஆயிற்றே, ஒவ்வொரு அறையின் அமைதியையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். அக்காவுக்கு ஏக சந்தோஷம். கீழே ஐந்து அறை, மாடியில் ஒன்று.

கீழே ஐந்தும் சுலபமாக முடிந்தன. அதற்குள் இடிக்கும் ஒப்பந்தக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். அக்கா அவருடன் பேசப் போனாள். நான் மட்டும் ரெக்கார்டரையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். போன் பக்கத்தில் இருந்தால் பதிவில் இரையும். அதனால் அதைக் கீழே பையில் போட்டுவிட்டேன். அதே பையில்தான் என் இன்ஹேலரும் இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு.

மாடியில் ஒரே ஒரு அறை. பழைய சாமான்கள் போட்டு வைத்திருந்த அறை. இப்போது ஒன்றும் இல்லை. ஜன்னல் இல்லை. மேலே ஒரு சின்னத் துவாரம் இருந்திருக்கிறது, செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். தாழ்ப்பாள் கதவுக்கு வெளியே. சாமான் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பெரியப்பா படியேறி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு நாற்காலி. முட்டி வலி என்று காலையிலிருந்து புலம்பிய மனிதர்!

"எதுக்கு மேல வந்தீங்க? கூப்பிட்டா நான் வந்திருப்பேனே?"

"இங்கதான் உட்காரணும்."

கதவைப் பார்த்து நாற்காலியைப் போட்டார். உட்கார்ந்தார். வயதானவர், ஏதோ நினைப்பு என்று விட்டுவிட்டேன்.

"ஒரு நிமிஷம் சத்தம் போடாம இருங்க, பெரியப்பா. கதவைச் சாத்திக்கறேன்."

தலையாட்டினார்.

மூன்று பன்னிரண்டு. கதவைச் சாத்தினேன். கும்மிருட்டு. ரெக்கார்டரின் சின்னத் திரை மட்டும் வெளிச்சம். பதிவை ஓடவிட்டேன்.

பதினெட்டாவது வினாடி. சத்தத்தின் அளவைக் காட்டும் கோடுகள் துள்ளின.

மூன்று முறை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று முறை.

ஹெட்போனில் ஒன்றுமே கேட்கவில்லை. ஒயரில் கோளாறு என்று நினைத்தேன். எங்களுக்கு முதல் சந்தேகம் எப்போதும் ஒயர் மேல்தான். ஆட்டிப் பார்த்தேன். ஒயர் சரியாகத்தான் இருந்தது. கோடுகள் மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தன. மூன்று... இடைவெளி... மூன்று.

நாற்பதாவது வினாடியில் ஒரு சத்தம் கேட்டது. தெளிவாக.

சர்ர்ர்... டக்.

வெளியே தாழ்ப்பாள் போடும் சத்தம்.

"பெரியப்பா?"

பதில் இல்லை. தள்ளினேன். கதவு அசையவில்லை. தட்டினேன்.

"பெரியப்பா, கதவைத் திறங்க. முடிஞ்சுடுச்சு."

பதில் இல்லை. அவருக்குக் காது மந்தமா என்றால் அதுவும் இல்லை. பக்கத்துத் தெருவில் பேசுவதைக்கூடக் கேட்டுச் சொல்லக்கூடியவர். எழுந்து கீழே போய்விட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். கதவுக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல்.

அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். கதவிலிருந்து ஒரு முழத் தூரத்தில்.

கத்தினேன். அவரைக் கூப்பிட்டேன். அக்காவைக் கூப்பிட்டேன். தோளால் இடித்தேன். அந்தக் காலத்து மரம். என் தோள்தான் வலித்தது. பாதங்கள் அசையவே இல்லை.

மூன்று இருபது. நெஞ்சு இறுக ஆரம்பித்தது.

மூச்சிழுப்பு உள்ளவர்களுக்கு இது புரியும். காற்று உள்ளே போகும், வெளியே வராது. அந்த அறையில் இருந்ததோ சுண்ணாம்புத் தூசி. என் இன்ஹேலர் பதினெட்டுப் படிக்குக் கீழே. இன்னும் அரை மணி நேரம் போனால் நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

மூன்று முப்பத்தொன்று. நிற்க முடியவில்லை. கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தபடியே தட்டினேன். அப்போதுதான் கையில் பட்டது. மரத்தில் ஒரு பள்ளம். வழவழவென்று இருந்தது.

உட்கார்ந்திருக்கும் ஒருவர் தட்டுகிற உயரம்.

என் கை முட்டி அதில் சரியாகப் பொருந்தவில்லை. என் கை பெரிது.

மூன்று நாற்பத்தாறு. கை ஓய்ந்துவிட்டது. மடியில் விழுந்தது. நான் தட்டுவதை நிறுத்தினேன்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

டக்... டக்... டக்.

டக்... டக்... டக்.

ஹெட்போன் என் கழுத்தில் கிடந்தது. இப்போது வெறும் காதில் கேட்டேன். இடது காதுக்குப் பக்கத்தில். கதவின் இந்தப் பக்கத்திலிருந்து.

என் பக்கத்திலிருந்து.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இருட்டுதான். இடது கை மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. அந்தப் பக்கம் சூடாக இருந்தது. காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு சூடு அடிக்குமே... அந்தச் சூடு.

கத்த மூச்சில்லை.

டக்... டக்... டக்.

அவசரமில்லாத தட்டல். கோபமும் இல்லை. யாராவது திறக்கமாட்டார்களா என்ற தட்டல்.

எனக்குப் பயம். ஆனால் பயத்தைவிட வெளியே போகும் ஆசை பெரிதாக இருந்தது.

கையைத் தூக்கினேன்.

நானும் தட்டினேன்.

அதோடு சேர்ந்து...

டக்.

டக்.

டக்.

பாதங்களின் நிழல் அசைந்தது.

சர்ர்ர்...

மூன்று ஐம்பத்தொன்று. கதவு திறந்தது.

பிறகு நடந்தது அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. அக்கா படியேறி ஓடி வந்தாள். பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து வந்து வாயில் திணித்தாள். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக, அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியதானே உட்கார்ந்திருந்தீங்க? அவன் செத்திருப்பான்பா!" என்று அக்கா கத்தினாள்.

எனக்கு மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. அவ்வளவு கத்தியிருக்கிறேன். திங்கள்கிழமை வீட்டை இடித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஸ்டூடியோவில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். ரெக்கார்டர் முப்பத்தொன்பது நிமிடமும் ஓடியிருக்கிறது. தாழ்ப்பாள் சத்தம் இருக்கிறது. தட்டும் சத்தம் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. என் குரல் ஒரு இடத்தில்கூட இல்லை. மைக் என் கையிலேயே இருந்தது. நான் கத்திய ஒரு வார்த்தைகூட அதில் ஏறவில்லை. மூன்று வெவ்வேறு கருவியில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

புதன்கிழமை பெரியப்பாவே போன் செய்தார். "உன் மிஷினை எடுத்துட்டு வா" என்றார். அக்காவும் நானும் போனோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அவ ஆஸ்பத்திரிக்கே போகல. பிடிச்ச பையனோட போகப் பார்த்தா. எங்க அப்பா இழுத்துட்டு வந்து மாடில போட்டார். மனசு மாறட்டும்னு. என்னை வெளிய நாற்காலி போட்டு உட்கார வச்சார். கதவு சாத்தினதும் தாழ் போடணும். தட்டினாலும் திறக்கக் கூடாது. கூப்பிட்டாலும் பேசக் கூடாது. எனக்குப் பதினோரு வயசு."

"எத்தனை நாள்?" என்றாள் அக்கா.

"ரெண்டாம் நாளே காய்ச்சல். அவளே சொன்னா. 'தம்பி, உடம்பு கொதிக்குதுடா, தண்ணி குடுடா'ன்னா. நான் பேசல. மூணாம் நாள் சாயங்காலம் தட்டறது நின்னுடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. தூங்கிட்டேன்."

அக்கா அழுதாள். நானும்தான். அந்த மனிதர் மேல் கோபப்படுவதா, அந்தப் பதினோரு வயதுப் பையனுக்காக இரங்குவதா என்று தெரியவில்லை. இரண்டுமே இருந்தன. புத்தகத்தில் ஆஸ்பத்திரி என்று இருந்த வரியை அக்கா அன்றைக்கே அடித்துவிட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள்.

கிளம்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

"நான் அவ்வளவு நேரம் கத்தினேனே, பெரியப்பா. கேக்கலையா?"

"உன் குரல் எனக்குக் கேக்கவே இல்லடா. சத்தியமா. தட்டறது மட்டும்தான் கேட்டுச்சு. அவதான் தட்டறான்னு நினைச்சேன். தினம் அந்த நேரத்துக்குத் தட்டுவா."

"தினமுமா?"

"எழுபது வருஷமா."

விடாமல் கேட்டேன்.

"அப்புறம் எப்படித் திறந்தீங்க?"

பெரியப்பா முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ எப்பவும் தனியாத்தான் தட்டுவா. அன்னிக்கு ரெண்டு பேர் சேர்ந்து தட்டினீங்க."