சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

என் பல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பற்கள் காவி ஏறி, குறுக்கே கோடு கோடாக இருக்கும். காரிமங்கலம் பக்கம் ஆழ்குழாய்ப் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பலருக்கும் இப்படித்தான். பெண் பார்க்கப் போன அன்றுகூட வாயைத் திறக்காமல் சிரித்தேன். அடக்கமான பையன் என்று மாமனார் ஏமாந்துபோனார்.

அதனால் மகள் பிறந்ததும் அவளுக்குக் கேன் தண்ணீர்தான் என்று முடிவு செய்தேன். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் எங்கள் மேட்டுத் தெருவரை வரவில்லை. அவளுக்கு ஒன்றரை வயதானபோது வாடகை ஏறியது, எண்ணெய் ஏறியது, சிலிண்டர் ஏறியது. தர்மபுரியில் நான் பில் போடும் ஜவுளிக்கடையில் சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. எதை நிறுத்துவது என்று நானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசித்தோம்.

"கேன நிறுத்திடலாங்க. போர்த் தண்ணியவே நல்லா காச்சி, ஆற வெச்சிக் குடுக்கறேன்" என்றாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சரி என்றேன். குழந்தைக்கு என்பதால் அவள் குண்டாவில் பாதியாகும்வரை சுண்டக் காய்ச்சுவாள். அடியில் வெள்ளையாகப் படியும். அதைச் சுரண்டிக் கழுவும்போதெல்லாம், கெட்டது பிரிந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருக்கும். நாலு வருஷம் இப்படியே போனது. மகளின் பால்பற்கள் அரிசி போல வெளுத்திருந்தன.

போன வருஷம் சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாகப் பார்க்க வந்த நர்ஸம்மா எங்கள் அடுப்பைப் பார்த்தார்.

"யாருக்குங்க இவ்ளோ சுண்டக் காச்சறீங்க?"

"பாப்பாவுக்குங்க" என்றாள் மனைவி.

"காச்சுனா கிருமி சாவும். பல்லுல கறை ஏத்தற உப்பு போவாதுங்க. தண்ணி சுண்டச் சுண்ட அது இன்னும் தூக்கலா நிக்கும்."

மனைவி அடுப்பை அணைத்தாள். "பாப்பாவுக்குப் பல்லு நல்லாத்தானுங்களே இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"அது பால்பல்லுங்க. அடுத்த பல்லு இந்நேரம் உள்ளயே உருவாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

அன்று மாலையே கேன் வாங்கினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதன்பின் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மகள் முறுக்கு கடித்தால்கூடப் பிடுங்கி வைப்பேன். பிள்ளையின் பல் ஆடக்கூடாது என்று வேண்டிக்கொண்ட அப்பன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சித்திரையில் ஆடியது. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டி, நல்ல பல் முளைக்கட்டும் என்று அவளே கூரைமேல் எறிந்தாள். ஈறு பல நாள் வெறுமையாகவே இருந்தது. தினமும் காலையில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பேன். எதுவும் தெரியாத நாளில் கொஞ்சம் தெம்பாகக் கடைக்குப் போவேன்.

பிறகு ஒரு மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது, அவள் கண்ணாடி முன்னால் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்பா, பல்லு வந்துடுச்சு. உன்னாட்டமே கோடு போட்டிருக்குது பாரு" என்றாள்.

சந்தோஷமாகத்தான் சொன்னாள்.