பட்டி என்றால் வரி என்று நினைத்தவள்

விஷ்ராந்த்வாடியில் ஓடையை ஒட்டிய வீட்டில் வாழும் மங்கையர்க்கரசிக்கு ஒரே ஒரு பயம்தான். மறுபடி வெள்ளம் வந்தால் கணவரை எப்படிக் காப்பாற்றுவது?

லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்தவத்சலம், பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகிறது. பேச்சு போய்விட்டது. பின் அறையில் ஜன்னலோரக் கட்டில்தான் அவருக்கு உலகம். ஓடையையும் எதிர்க்கரை எருமைகளையும் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் முகத்தில் ஒரு களை வரும். போன ஜூலையில் அந்த ஓடையே அறைக்குள் வந்தது. பக்கத்து வீட்டு முரளியும் இன்னும் மூன்று பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டிலோடு தூக்கியதால் பிழைத்தார்.

அதனால்தான் வெள்ளத்தடுப்புச் சுவர் என்றதும் முதல் ஆளாக ஓடினாள். பாதிச் செலவு மாநகராட்சிக்கு, மீதி வீட்டுக்காரர்களுக்கு. சம்மதம் கேட்டு வீடு வீடாகப் படியேறினாள் அந்தப் பேதை. மராத்திப் படிவத்தில் ‘பூர்பட்டி’ என்று இருந்தது. பூர் என்றால் வெள்ளம். வீட்டு வரி கர்பட்டி, தண்ணீர் வரி பாணிபட்டி. அப்படியென்றால் இது வெள்ள வரி. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

நேற்றுக் காலை அளக்க வந்தவர்கள் பின் அறையின் நடுவே சிவப்புக் கோடு போட்டார்கள். முரளியின் மனைவி கிரிஜா ஓடிவந்து படிவத்தைப் படித்தாள்.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! எங்கள மாதிரி தள்ளி இருக்கிற வீட்டுக்குத்தான் பட்டின்னா வரி. ஓடைய ஒட்டின வீட்டுக்குப் பட்டின்னா நிலம். ரிப்பன் மாதிரி பத்தடி விட்டுக் குடுக்கணும். பின் ரூம்ல பாதிய இடிச்சிடுவாங்க.”

“ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?”

“முப்பது வருஷமா காய்கறிக்காரன்கிட்ட மட்டும் மராட்டி பேசினா இப்படித்தான்!” சிரிக்கப் பார்த்த கிரிஜாவுக்குக் கண் கலங்கியது. “ஆட்சேபணை எழுதிக் குடுங்கக்கா. இன்னும் ஒரு வாரம் இருக்கு.”

“குடுத்தா?”

“சுவர் உங்க வீடு வர்றதுக்கு முன்னாடியே நின்னுடும்.”

“அந்த இடைவெளி வழியா தண்ணி உங்க வீட்டுக்குள்ளயும் வருமே, கிரிஜா.”

கிரிஜா படிவத்தை மடித்து அவள் கையில் வைத்தாள்.

இன்று மதியம் முரளியைக் கூப்பிட்டுக் கட்டிலை ஹாலுக்கு நகர்த்தச் சொன்னாள். பக்தவத்சலம் நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க வெயில் ஜாஸ்திங்க. ஹால்ல காத்து நல்லா வரும்” என்று பொய் சொன்னாள். அவர் விடவில்லை. தொண்டையிலிருந்து ஓர் ஓலம் மட்டும் கிளம்பியது.

“நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா” என்றான் முரளி, தலையைத் திருப்பிக்கொண்டு.

“நாளைக்கு எனக்குத் தைரியம் இருக்காது முரளி.”

கண்ணீர் வழிய வழிய, கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்தாள்.