பின் இடது சக்கரம்

அவருடைய நிஜப் பெயரைக் கேட்டால் அவருடைய மனைவியே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வார். ஊருக்கு அவர் 'கேஜ்'. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் காற்றழுத்தம் பார்க்கும் கேஜைச் செருகியிருப்பார். இருபத்து மூன்று வருடமாக டயர் கடை. சொந்த வண்டி கிடையாது, எங்கே போவதென்றாலும் நடை. டயரைத் தெரிந்தவன் டயரை நம்ப மாட்டான் என்பது அவர் தரும் விளக்கம். நம்பாத பொருளையா விற்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், கேட்டவருடைய வண்டிக்குக் காற்று பார்க்கக் குனிந்துவிடுவார்.

டயரின் ஒரு பக்கத்தில் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்ற கணக்கு. வாங்க வருகிறவர்கள் தேய்மானத்தைப் பார்ப்பார்கள், கேஜ் வயதைப் பார்ப்பார். ஓடாமல் மூலையில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். உள்ளே இருக்கும் கம்பிப் பின்னலோடு அதன் பிடி தளரும். ஒருநாள் வெயிலில், வேகத்தில், பாரத்தோடு போகும்போது மேல்தோல் மொத்தமாக உரிந்து வரும். "டயர் வெடிச்சு வேன் கவுந்துச்சுன்னு பேப்பர்ல போடறான். அது தானா வெடிக்குமா? எவனோ ஒருத்தன் பாக்காம மாட்டியிருப்பான்" என்பது அவருடைய நிரந்தரப் பேச்சு.

ஆறு வருடம் முன்பு எதிர்க் கடைக்காரர் பழைய டயர்களுக்குக் கறுப்பு பாலிஷ் அடித்துப் புதிது என்று விற்றார். கேஜ் நடுத்தெருவில் நின்று, வாடிக்கையாளர்கள் முன்னால், ஒவ்வொரு டயரின் தேதியையும் உரக்கப் படித்தார். அன்றிலிருந்து அந்த மனிதருக்குப் 'பாலிஷ்' என்று பெயர். அந்தப் பெயரோடு ஊரில் வியாபாரம் செய்ய முடியாமல் நெடுஞ்சாலைக்குப் போய், தொண்ணூறாவது கிலோமீட்டரில் பெட்ரோல் பங்க் பக்கத்தில் கடை போட்டார். இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

அன்று காலை கேஜின் தங்கை, கணவர், ஏழு வயது மகள் மூவரும் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குக் குடிபோகக் கிளம்பினார்கள். பின் இடது டயர் தேய்ந்திருந்தது. கேஜ் புதிது ஒன்றை எடுத்து வழக்கம்போல் கண்ணாடியை மாட்டினார்.

"என்ன மச்சான், ஜாதகம் பாக்கறீங்களா?" என்றார் தங்கை கணவர். "உங்க தங்கச்சியைக் கட்டறப்ப நான்கூட இவ்ளோ பாக்கலையே."

"அதான் இப்ப அனுபவிக்கிறீங்க" என்றாள் தங்கை.

எல்லோரும் சிரித்தார்கள். தன்னாலும் சாதாரண மனிதனைப்போல் இருக்க முடியும் என்று காட்ட ஆசைப்பட்டு, கேஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தேதி பார்க்காமலே டயரை மாட்டினார். ஆனால் மற்றதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டும்போது போன் பேசக் கூடாது என்று இருவர் போனையும் வாங்கி, சத்தத்தை அணைத்து, முன் பெட்டிக்குள் தானே வைத்து மூடினார். எட்டரைக்கு வேன் கிளம்பியது.

ஒன்பதரைக்கு, வெட்டிப்போட வேண்டிய டயரைத் தேடினார். விபத்தான காரிலிருந்து வந்த ஸ்டெப்னி அது. பத்து வருடப் பழசு. ஒரு நாளும் தரையைத் தொடாததால் புது டயரின் ரப்பர் முடிகள்கூட அப்படியே இருந்தன. யாரும் ஏமாறக் கூடாதென்று அதில் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார். குறி எதையும் காணோம். அதே அளவில் மிச்சமிருந்த ஒரே டயரைப் புரட்டி எண்களைப் படித்தார். இந்த வருடத்தியது.

"இதுல கோடு போட்ட டயர் ஒண்ணு இருந்துச்சே?"

"ஆமாங்க, ஏதோ கிறுக்கியிருந்துச்சு. ஆளுங்க வர்றாங்களேன்னு எல்லாத்தையும் துடைச்சு வெச்சேன்" என்றார் மனைவி.

மனைவி கடையைத் துடைப்பதே இல்லை என்று இருபத்து மூன்று வருடமாகக் குறைபட்டவர் கேஜ்தான்.

மாப்பிள்ளைக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. தங்கைக்கு அடித்தார், அதுவும் இல்லை. சொன்னதை ஒருநாளும் கேட்காத குடும்பம், அன்றைக்கென்று கேட்டிருந்தது. நெடுஞ்சாலைப் போலீஸுக்கு அடித்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் நிதானமாக வழி சொல்லிக்கொண்டே போனது. மணி ஒன்பது நாற்பது. வேன் இப்போது எண்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும்.

மனைவியிடமிருந்து பாலிஷின் எண்ணை வாங்கி அடித்தார். பாலிஷின் மனைவியும் தன் மனைவியும் இன்னும் பேசிக்கொள்வது அன்றுதான் கேஜுக்குத் தெரிந்தது.

"யாரு?"

"நான்தான். கேஜ்."

"ஓ. என்ன, இங்க வந்தும் தேதி படிக்கணுமா?"

"ஒரு வெள்ளை வேன் வரும். நீலத் தார்ப்பாய், மேல சின்ன சைக்கிள். நிறுத்தணும்."

"நான் என்ன போலீஸா?"

"என் தங்கச்சி குடும்பம்யா. பின்னால இடது டயர் பத்து வருஷம்."

"எவன் மாட்டினான்?"

மனைவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்" என்றார் கேஜ்.

எதிர்முனையில் சிரிப்பு வரவில்லை. "எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க?" என்று மட்டும் கேட்டது.

"எட்டரை. திடீர்னு குறுக்கே போயிடாதே. மாப்பிள்ளை பட்டாம்பூச்சிக்கே பிரேக்ல ஏறி நிப்பார். அந்த டயரோட அப்படி நின்னா கவுந்துரும்."

"எனக்கும் டயர் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பாலிஷ் போனை அணைக்காமலே ரோட்டோரம் போனார். லாரிகள் போகும் இரைச்சல் கேட்டது.

"வெள்ளை வேன் ஒண்ணு வருது."

"சைக்கிள்?"

"ஏணி."

மறுபடி இரைச்சல். பிறகு, "நீலத் தார்ப்பாய். சைக்கிள். கை காட்டறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "நிக்கலையே. உன் மாப்பிள்ளை பதிலுக்குக் கையாட்டிட்டுப் போறான்யா."

பைக் உதைபடும் சத்தம் கேட்டது. அதோடு லைன் அறுந்தது.

அடுத்த பதினோரு நிமிடம் கேஜ் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காற்றடிக்க வந்த இருவரை மனைவி திருப்பி அனுப்பினார். தோல் உரியும்போது கேட்கும் பட்பட்டென்ற அடி, வண்டி ஒருபக்கம் இழுப்பது, மாப்பிள்ளையின் கால் பிரேக்குக்குப் போவது என்று எல்லாவற்றையும் அவர் வரிசையாகப் பார்த்தார். தெரியாதவனுக்கு வெறும் பயம்தான், தெரிந்தவனுக்கு அதில் வரிசைகூட உண்டு.

போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, யாரோ ஒருத்தர் பைக்ல பக்கத்துலயே வந்து, மெதுவா மெதுவான்னு கை காட்டி ஓரங்கட்ட வெச்சார். உன்னைத் தெரியுமாம்."

"டயரு?"

"தொட்டுட்டு, கொதிக்குதுன்னு கையை எடுத்துட்டார். பக்கத்துல முட்டை மாதிரி வீங்கியிருக்கு. நீ மாட்டினதுதானே அண்ணா?"

"ஆமா."

அவள் போனை வைத்துவிட்டாள்.

கேஜ் புது டயரோடு பஸ் ஏறினார். இதற்கும் டிக்கெட் உண்டு என்றார் கண்டக்டர், வாங்கினார். இரண்டு மணி நேரம் மடியில் வைத்தபடி தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் போய், வேன் நின்ற இடத்தில் இறங்கினார்.

பாலிஷ் ஏற்கெனவே ஜாக்கி போட்டு வைத்திருந்தார். தன் கடையில் இந்த அளவில் டயர் உண்டு என்றும், ஆனால் தான் மாட்டினால் நாளைக்கு இவர் தேதி படிக்க வருவார் என்றும் சொன்னார். கேஜ் சக்கரத்தைக் கழற்றினார். டயரை மாற்றும்போது எண்களை மூன்று முறை பார்த்தார், விரலாலும் தடவிப் பார்த்தார். மாப்பிள்ளை நிழலில் நின்று, தான் கையாட்டிய மனிதரைப் பார்க்காமலிருக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

"சரியாயிடுச்சு, கிளம்புங்க" என்றார் கேஜ்.

தங்கை பின் கதவைத் திறந்தாள். "நீயும் ஏறு."

"கடை திறந்து கெடக்கும்மா."

"அண்ணி பாத்துப்பாங்க. இந்தப் பக்கம் உக்காரு. அந்தச் சக்கரத்துக்கு மேலதான்."

"நான் எதுக்கு?"

"என் பொண்ணு அங்கதான் உக்காந்திருந்தா."

கேஜ் ஏறினார். மருமகள் நகர்ந்து இடம் விட்டாள். இன்னும் நான்கு மணி நேரப் பயணம். மாப்பிள்ளை ஐம்பதுக்கு மேல் போகவே இல்லை. அதுவே வேகம் என்று நினைத்து, முன் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கேஜ் கீழே சக்கரம் உருளும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.